நாலாவது சிலிண்டர்

"படுங்கோ! எல்லாரும் கீழ படுங்கோ!"

யார் கத்தியது என்று தெரியவில்லை. டக். டக். டக். டக். இரும்பில் இரும்பு மோதும் சத்தம். பெரிய துப்பாக்கி அப்படித்தான் சுடும். லாரியில் புளி மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த நாங்கள் குதிக்கிறோம். முள்ளில் விழுகிறோம். பள்ளத்தில் முகம் பதித்துக் கிடக்கிறோம். கைகள் தலைமேல்.

சத்தம் நின்றது. லாரியும் நின்றது. டிரைவர் முனுசாமி இறங்கி வந்தார்.

"இன்னா ஆச்சுங்க? ஏன் எல்லாரும் படுத்துக்கினு இருக்கீங்க?"

தலையைத் தூக்குகிறேன். சாமை அறுத்த கொல்லை. புளியமரங்கள். வானத்தில் ஒன்றும் இல்லை. இது ஜவ்வாது மலை. இலங்கையிலிருந்து படகில் வந்தவர்கள் நாங்கள். அடிவாரத்து முகாமில் இருந்தோம். புளி உலுக்கும் வேலைக்கு மலை ஏறினோம். வேலை முடிந்து ஒடுகத்தூருக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். யாரும் சுடவில்லை. கேட்டது என்ஜின் சத்தம்.

எழுந்தோம். மண்ணைத் தட்டினோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. யோகம் அக்கா மட்டும் எழவில்லை. பாறையில் விழுந்திருந்தார். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. முகாமில் என் பக்கத்து அறை அவருடையது. எனக்கும் சேர்த்துச் சமைப்பவர். சேலையைக் கிழித்து, குச்சி வைத்துக் கட்டினோம். துணி உடனே நனைந்தது.

சத்தம் கேட்டு வெள்ளையன் ஓடி வந்தார். அந்தக் கொல்லைக்காரர்.

"பஸ்ஸு காலையிலயே போய்ட்டுதுங்க. தூளி கட்டித் தூக்கலாம். கீழ போய்ச் சேர்றதுக்குள்ள பொழுது வுழுந்துடும்."

இந்தச் சத்தத்தோடு ஓட்டினால் என்ஜின் வழியிலேயே உடையும் என்றார் முனுசாமி. என்ஜின் போடாமல் லாரியை உருட்ட முடியுமா என்று ஒருவர் கேட்டார். முனுசாமி தலையை ஆட்டினார். "பழைய வண்டிங்க. மிலிட்டரி ஏலத்துல எடுத்தது. என்ஜின் ஓடுனாத்தான் பிரேக்கு புடிக்கும். சும்மா வுட்டா மொத வளைவுலயே போய்டுவோம்."

ஊரில் நான் பஸ் கராஜில் மெக்கானிக். கடல் கடந்த பிறகு ஸ்பேனரைத் தொடவில்லை. தொட விருப்பமும் இல்லை. ஆனால் துணி நனைந்துகொண்டே இருந்தது.

"ஒருக்கா ஸ்டார்ட் பண்ணுங்கோ அண்ணை," என்றேன்.

மறுபடி அந்தச் சத்தம். பின்னால் ஒரு பெண் அழத் தொடங்கினாள். முதல் சிலிண்டருக்கு டீசல் போகும் குழாயின் நட்டைத் தளர்த்தினேன். சத்தம் குறையவில்லை. இறுக்கினேன். இரண்டாவது. மூன்றாவது. அதே சத்தம். நாலாவதைத் தளர்த்தியதும் அடி அமுங்கியது. பிஸ்டனைத் தாங்கும் தண்டின் அடியில் பேரிங் போயிருந்தது.

அடியில் நுழைந்தேன். ஆயிலை வெள்ளையன் வீட்டு அண்டாவில் பிடித்தோம். அதில் உலோகத் தூள் மினுங்கியது. ஆயில் நிற்கும் அடித்தொட்டியான சம்ப்பைக் கழற்றினேன். முகத்துக்கு மேலே இரும்பு. முதுகின் கீழே மண். பதுங்குகுழியில் இப்படித்தான் கிடந்தோம். வெளியே வந்து உட்கார்ந்தேன். திரும்ப உள்ளே போக முடியவில்லை.

வெள்ளையன் லாரிக்குப் பக்கத்தில் குந்தினார். "நான் இங்கயே குந்திக்கினு இருக்கேன். போங்க." நான் நுழைந்ததும் என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். கடைசி வரை விடவில்லை.

பேரிங் வெள்ளித்தாளாகத் தேய்ந்திருந்தது. மாற்றுவதற்கு வேறு இல்லை. தோல் இருந்தால் போதும் என்றேன். வெள்ளையனின் மனைவி காளையின் கழுத்துப் பட்டையைக் கொண்டுவந்தார். மணிகளை அறுத்து எடுத்துக்கொண்டு பட்டையைத் தந்தார். அகலம் பார்த்து வெட்டினேன். ஆயிலில் ஊறவைத்தேன். தேய்ந்த பேரிங் இருந்த இடத்தில் அதைச் சுற்றி இறுக்கினேன். ஆயிலைத் துணியில் வடிகட்டி ஊற்றினோம். நாலாவது குழாயை இணைக்கவில்லை. அதன் டீசல் ஒரு டின்னில் சொட்டட்டும். அந்தச் சிலிண்டர் வேலை செய்யாது. தோலின் மேல் பாரம் விழாது. மலை இறங்கும்வரை தாங்கினால் போதும்.

முனுசாமி ஸ்டார்ட் செய்தார். என்ஜின் நொண்டியது. ஆனால் அடிக்கவில்லை.

மூட்டைகளை இறக்கினோம். மற்றவர்களை ஏறச் சொன்னோம். ஒருவரும் ஏறவில்லை. நடந்தே வந்தார்கள். நான் அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வளைவிலும் முனுசாமி ஏதோ சாமியைக் கூப்பிட்டார். அக்கா ஒரு முறைதான் பேசினார். "அடுப்பில ஒண்டும் வைக்கேல்லை, தம்பி. நீ கடையில சாப்பிடு."

ஒடுகத்தூரில் கட்டுப் போட்டு வேலூருக்கு அனுப்பினார்கள். உயிர் தங்கியது. காலை எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் முனுசாமி டீ வாங்கித் தந்தார்.

"உங்க வூட்ல எத்தினி பேருங்க?"

"இப்ப நான் மட்டும்தான், அண்ணை."

அவர் மேலே கேட்கவில்லை. கேட்காததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

தம்பி சிவம். பஸ் நிலையத்தில். அவன் மனைவி சாந்தி. அவனைத் தேடிப் போன இடத்தில். அப்பா. கிணற்றடியில், கையில் வாளியோடு. அம்மா. கடலில், படகு கரையைத் தொடுவதற்கு முன். யோகம் அக்காவின் புருஷன். அவருடைய இரண்டு மகன்மார்.

யோகம் அக்காவின் இடது கால். ஜவ்வாது மலையில். அதைப் போரின் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை. நான் சேர்க்கிறேன்.