வக்கீலம்மாவின் கை

கதவைத் திறக்காதே கண்ணு, திறக்காதே. அந்த விரக்கடை இடுக்கு போதும், நீ முனகுறதுகூட எனக்குத் தெளிவாக் கேக்குது. இந்தா, தண்ணி பாட்டிலும் உப்பு சர்க்கரைப் பொட்டலமும் வாசல்ல வெச்சிருக்கேன். நான் தள்ளிப் போனப்புறம் கையை மட்டும் நீட்டி எடுத்துக்க. இரு, இரு, நான் இன்னும் தள்ளல. ம், இப்ப எடு.

மூடியைத் திறந்து முதல்ல ஒரு மடக்கு குடி.

நான் எங்கயும் ஓடல, இங்கதான் வாளியைக் கவுத்துப் போட்டு உக்காந்திருக்கேன். இந்த வயசுல, இந்த இடுப்பை வெச்சுக்கிட்டு, கப்பலோட அடிவயித்துல வாளி மேல உக்காந்து ரூம் கூட்டற பொண்ணுக்கு ஆறுதல் சொல்ல வேற எந்த சூப்பர்வைசர் வருவா? சொல்லு பாப்போம்.

டாக்டரா? வருவாரு, வருவாரு. மேல பயணிகள்ல பாதிப் பேரு கக்கூஸை விட்டு எழுந்திருக்க முடியாமக் கிடக்கறாங்க. அவரு அங்க ஓடுவாரா, உன்னைப் பாக்க இத்தனை மாடி இறங்கி வருவாரா? நீயே நியாயம் சொல்லு. நியாயம் பேசறதுதான் உனக்குக் கைவந்த கலையாச்சே. சும்மாவா வக்கீலம்மான்னு பேரு வெச்சாங்க.

நான்தான் வெச்சேனா? இருக்கும். நல்ல பேருதானே. காலேஜ் படிச்சுட்டு அடுத்தவங்க மெத்தைக்கு விரிப்பு மாத்த வந்தவளுக்கு வேற என்ன பேரு வெக்கறது.

சரி, சுத்தி வளைக்கல. மத்தியானம் துறைமுகம் வந்துரும். சுகாதார அதிகாரிங்க ஏறுவாங்க. ஏறினதும் கேக்கறது ஒரே கேள்விதான், இது யார்கிட்டருந்து ஆரம்பிச்சது. அதுக்குப் பதில் கிடைக்கற வரைக்கும் ஒரு பயணியையும் தரையில கால் வைக்க விடமாட்டாங்க. இத்தனை பேரு குடை, தொப்பி, கேமராவோட படிக்கட்டுகிட்ட நிக்கறாங்க. கேப்டனுக்கு ஒரு பதில் வேணும். குடுத்தாச்சு. நீதான் பதில்.

ஐயோ, எழுந்திருக்காதே, தலை சுத்தும். படு.

இதுல கோவிச்சுக்க என்ன இருக்கு? கப்பல்ல இது வழக்கம்தான். என்ன மருந்து அடிச்சாலும், எத்தனை தடவை கைப்பிடியைத் துடைச்சாலும் பயணிங்களுக்குப் பயம் தெளியாது. ஒரு ஆளை மூட்டை முடிச்சோட இறக்கி விடணும். அதை மேல் தட்டுலருந்து எல்லாரும் எட்டிப் பாக்கணும். அப்பத்தான் சீக்குக் கப்பலை விட்டுப் போயிடுச்சுன்னு நிம்மதியாச் சாப்பிட உக்காருவாங்க. போன வருஷம் ரொட்டி சுடறவனை இறக்குனாங்க, ஞாபகம் இல்ல? நீ அப்ப வரல இல்ல. அவனுக்குச் சீக்கே இல்ல, பாவம், வெயில் ஒத்துக்கல.

மேல வந்து பாத்தா நீயே சிரிப்பே. சாப்பாட்டு ஹால்ல கரண்டியெல்லாம் பிடுங்கிட்டாங்க. கோடீஸ்வரனெல்லாம் தட்டை நீட்டிக்கிட்டு வரிசைல நிக்கறான், கையுறை போட்டவங்க அளந்து போடறாங்க. உப்பு டப்பா, சீட்டுக்கட்டு, படிக்கற புத்தகம் ஒண்ணும் கண்ணுல தெரியல. கேப்டன் யாருக்கும் கை குடுக்கறதில்ல, முழங்கையால இடிக்கறாரு. ஒரு கிழவர் அதைத் தப்பா எடுத்துக்கிட்டுத் திருப்பி ஒரு இடி விட்டாரு பாரு, கேப்டன் தொப்பி கீழ விழுந்துருச்சு. ராத்திரி பாடற பையன் மைக்கைப் புடிச்சுக்கிட்டுக் கை கழுவற பாட்டுப் பாடறான். கழுவுங்கடான்னா கூட்டம் கை தட்டுது!

ஆம்பளைங்க கக்கூஸைத் துடைக்கிறவன் சொல்றதைக் கேக்கணுமே. பாதிப் பேரு குழாயைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சுட்டுப் போயிடறாங்களாம். மீதிப் பேரு விரல் நுனியை மட்டும் நனைக்கறாங்களாம், அப்படியே தலைமுடில தடவிக்கறாங்களாம். கழுவினதும் ஆச்சு, சீவினதும் ஆச்சு. பொம்பளைங்க மோதிரத்தைக் கழட்ட மாட்டாங்க. கேட்டா, நான்தான் ஜெல் போட்டேனேம்பாங்க. என்னமோ ஜெல்லு போட்டா ஜென்ம பாவமே போயிடற மாதிரி.

ஆமா ஆமா, தெரியும். ஜெல்லு இந்தக் கிருமியை ஒண்ணும் பண்ணாது. சோப்பு வேணும், ஓடற தண்ணி வேணும், பெருவிரல் சந்து, நகக்கண்ணு எல்லாம் தேய்க்கணும். அந்தப் பாடத்தை எடுத்தவளே நான், எனக்கே ஒப்பிக்கறியா?

அதைத்தானே அன்னிக்கு மீட்டிங்ல கேட்டே. எல்லாப் பொண்ணுங்களும் உக்காந்திருக்க, மேனேஜரும் உக்காந்திருக்க, நீ எழுந்து நின்னே. சுவத்துல சோப்பு போட்டுக் கழுவுன்னு படம் ஒட்டியிருக்கீங்க, எங்க தாழ்வாரத்துல இருந்த ஒரே ஒரு கை கழுவற தொட்டியை மூடி மாப்பு வைக்கற இடமாக்கிட்டீங்க, ஆளுக்கொரு ஜெல் புட்டி குடுத்து ஓடு ஓடுன்னு விரட்டறீங்க, அப்ப எப்பக்கா கழுவறதுன்னு கேட்டே. அக்கான்னு வேற சொன்னே. மேனேஜர் என்னைத் திரும்பிப் பாத்தாரு. இத்தனை வருஷத்துல அப்படி ஒரு பார்வை அவரு என்னைப் பாத்ததில்ல.

நீ கேட்டது சரிதான். யாரு இல்லேன்னா? சரியாப் பேசறதுதான் உன்னோட வியாதியே. இந்த வாந்தி பேதி நாலு நாள்ல தானா நின்னுரும். அது நிக்காது.

ஒவ்வொரு ரூமுக்கும் நடுவுல நின்னு நிதானமாக் கை கழுவினா, சாயங்காலத்துக்குள்ள மெத்தை விரிச்சு முடியுமா? ரூம் தயாராகலேன்னா பயணி யாரைத் திட்டுவான்? உன்னையா? உன் பேரே அவனுக்குத் தெரியாது. என்னைத்தான் கூப்பிட்டு நிக்க வெப்பாங்க. மாப்பை அங்க வெச்சது நான்தான். வேற எங்க வைக்கறது, என் தலை மேலயா?

என்ன? சத்தமாச் சொல்லு. உன் ரூம்காரி எங்கேயா? அவ நேத்தே மேல்கட்டில்லருந்து சாமானை எடுத்துக்கிட்டு அடுத்த அறைக்குப் போயிட்டா. போறப்ப உன் டம்ளரையும் பல் தேய்க்கற பிரஷ்ஷையும் சிவப்புப் பைல போட்டுக் கட்டிக் குடுத்துட்டா, சீக்காளி துணி போடற பைல. உன் தலைகாணியைக் காலால தள்ளிக்கிட்டே வந்தா பாரு, எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. நீங்க ரெண்டு பேரும் ஒரே சீப்பு, ஒரே சோப்புன்னு இருந்தவங்கதானே. கேட்டாங்க அவளை. இவதான் முதல்ல வாந்தி எடுத்தாளான்னு மேனேஜர் கேட்டாரு. தலையை ஆட்டினா. மத்த பொண்ணுங்களும் ஆட்டினாங்க. தப்பு சொல்ல முடியாது. ஆட்டாத தலையைத்தானே அடுத்த துறைமுகத்துல இறக்குவாங்க.

அழு, அழு. ஆனா தண்ணியைக் குடிச்சுட்டு அழு. உள்ள இருக்கற தண்ணியெல்லாம் ஏற்கெனவே வெளிய போயாச்சு.

தங்கச்சியா? அவளுக்கு என்ன? நீ பணம் அனுப்பித்தான் படிக்கறாளா? சரி, படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போறா, உன்னை மாதிரி எழுந்து நின்னு கேள்வி கேக்கவா? வேற வேலை பாத்துக்கலாம் நீ. கப்பல்ல மட்டும் பாக்காதே. சீக்குக் கொண்டாந்தவன்னு ஒரு தடவை பேரு விழுந்துட்டா எந்தக் கப்பல்காரனும் ஏத்த மாட்டான். ஒளிச்சு வைக்க முடியாது, அவங்களுக்குள்ள பேசிக்குவாங்க. தரையிலயும் மெத்தை இருக்கு கண்ணு, விரிக்க ஆள் வேணும்.

மறுபடியும் டாக்டரா? அவர்கிட்ட அப்படி என்னதான் சொல்லணும்? என்கிட்ட சொல்லேன், நான் போய்ச் சொல்றேன்.

நீ முதல் ஆள் இல்லையா? சரி. அப்ப யாரு முதல் ஆளு?

பேரைச் சொல்ல மாட்டியா? இதுவரைக்கும் கதவு இடுக்குல பொரிஞ்சு தள்ளினியே. பயமா? சேச்சே, என்கிட்ட என்ன பயம். நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். அதை நீ வேற யார்கிட்டயாவது சொன்னியா? ரூம்காரிகிட்ட?

சொல்லலையா. ஏன்? கூடவே படுத்திருந்தவதானே, ஒரு வார்த்தைகூடவா விடல?

ஓ. அக்காவுக்கு வேலை போயிடும்னு சொல்லலையா.

சமையக்கட்டுல யார்கிட்டயும்? இல்ல. அம்மாகிட்ட போன்ல? போனே கிடைக்கலையா. ஆமா, கிடைக்காது, கீழ் தளத்துக்கு லைனை நிறுத்தச் சொல்லியிருந்தேன். சத்தியமா யார்கிட்டயும் சொல்லல? உன் தங்கச்சி மேல சத்தியம்? ம். ம். நீ பொய் சொல்ற ஜாதி இல்ல, அது எனக்குத் தெரியும். பொய் சொல்லத் தெரிஞ்சிருந்தா இந்நேரம் நீ மேல இருந்திருப்பே.

அப்பாடா. இப்பத்தான் இடுப்பு வலியே தெரியுது. காலைலருந்து இதை எப்படிக் கேக்கறதுன்னு தவிச்சுக்கிட்டிருந்தேன்.

ஏன் கண்ணு, அன்னிக்குத் துணி அறைல நான் குனிஞ்சு நின்னப்ப உன்னைக் கூப்பிட்டேனா? கதவைச் சாத்திக்கிட்டுத்தானே நின்னேன். நீயா திறந்துக்கிட்டு வந்தே. அக்கா, அக்கான்னு ஓடி வந்து நெத்தியைப் புடிச்சே. முதுகைத் தடவினே. பக்கத்துல இருந்த துண்டை எடுத்து என் வாயைத் துடைச்சே, கீழ கிடந்ததையும் வழிச்சே, எல்லாம் வெறுங்கையோட. கையுறை எங்க போச்சு? யாராவது வாந்தி எடுத்தா கிட்டப் போகாதே, ஆளைக் கூப்பிடு, விலகி நில்லுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனா இல்லையா? அன்னிக்கு மட்டும் உன் சட்டமெல்லாம் எங்க போச்சு வக்கீலம்மா?

கழுவத்தான் போனியா? போனே, நான்தான் தடுத்தேன். மூலை ரூம் அம்மா மணி மேல மணி அடிச்சுக்கிட்டிருந்தா, ஜெல்லைத் தேய்ச்சுட்டு ஓடுன்னேன். வேலைன்னா வேலை. நான் மட்டும் படுத்தேனா? அன்னிக்குச் சாயங்காலம் மேல் தட்டு மெத்தைகள்ல அழகுக்கு வைக்கற அன்னப்பறவை எல்லாத்தையும் குளிக்கற துண்டுல நான்தான் மடிச்சேன். கழுத்து நிக்கறதுக்கு நல்லா அழுத்திப் புடிச்சு உருட்டணும், என்னை மாதிரி வேற யாருக்கும் வராது. குழந்தைங்க அதைக் கட்டிப் புடிச்சு முத்தம் குடுத்துதாம், பெரியவங்க கன்னத்தோட வெச்சுப் போட்டோ எடுத்துக்கிட்டாங்களாம். கேப்டன்கூடப் பாராட்டினாரு.

நானா போய்ச் சொல்லியிருக்கணுமா? என் வயசுல இறக்கி விட்டா யாரு திருப்பி ஏத்துவா? உனக்கு வயசு இருக்கு, படிப்பு இருக்கு, வாய் இருக்கு. எனக்கு இந்தக் கப்பல்தான் இருக்கு.

கதவைத் தட்டாதே. தட்டினா யாருக்குக் கேக்கும், இந்தத் தாழ்வாரத்துக்கு அந்தப் பக்கம் இன்ஜின் சத்தம்தான். கத்தினாலும் சரி, டாக்டர்கிட்ட சொன்னாலும் சரி. இத்தனை பேரு தலையாட்டினதுக்கப்புறம் காய்ச்சல்ல இருக்கறவ பேச்சை யாரு எடுப்பா? நான் வேற, பொண்ணு நேத்துலருந்து பிதற்றுதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்.

எழுந்து மூட்டையைக் கட்டு. அதோ, முகமூடி போட்ட ஆளுங்க ரெண்டு பேரு படிக்கட்டுல இறங்கி வராங்க. கதவை விட்டுத் தள்ளி நில்லு, அவங்களைத் தொட்டுராதே.

உன் கை அன்னிக்கு ஜில்லுன்னு இருந்துச்சு கண்ணு. நெத்திக்கு அவ்வளவு இதமா இருந்துச்சு. எங்க அம்மா போனப்புறம் யாரும் எனக்கு அப்படிப் புடிச்சதில்ல.

இங்கதாங்க, இந்தக் கதவுதான். கையுறை போட்டிருக்கீங்கல்ல?