அசலைப் பாராமல் இட்ட கையெழுத்து

வாயில்லா உயிர்களின் வலியறிந்த வைத்தியரே! வாயுள்ள எங்களையும் வையாமல் வைத்துக்கொண்ட வல்லவரே! ஆட்டின் பல்லைப் பார்த்தே அகவை சொல்லும் அறிஞரே! அரசு தந்த பச்சை மையை ஆபரணமாக அணியாமல் அடைக்கலப் பொருளாகக் காத்த அன்பரே! எங்கள் கால்நடை மருந்தகத்தின் மருத்துவர், உயர்திரு நவநீதகிருஷ்ணன் அவர்களே! முப்பத்தோராண்டுப் பணி முடித்து இன்று மாலை ஓய்வு பெறும் தங்களுக்கு, உடன் உழைத்த நாங்கள் உள்ளம் நெகிழ்ந்து அளிக்கும் மடல் இது.

புகழ்ந்தால் காதைப் பொத்திக்கொள்வீர்கள் என்பதால் புகழ்ச்சியைச் சுருக்கிக்கொள்கிறோம். தீபாவளிச் சீசனில் ஊர் முழுக்கப் பட்டாசு ஆலைக்குப் போய்விட, மாட்டைப் பிடிக்க ஓர் ஆள் இல்லாத எம். புதுப்பட்டித் தொழுவங்களில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாங்கள் தனியாளாய் இழுத்துப் போட்ட கன்றுகளுக்குக் கணக்கில்லை. உதை வாங்கியதற்கும் கணக்கில்லை. இடது முழங்கால் இன்றும் சாட்சி.

ஆனால் இந்தச் சுற்றுவட்டாரம் தங்களை அறிந்தது ஆட்டாலும் மாட்டாலும் மட்டுமல்ல. விருதுநகருக்குப் பேருந்து ஏறினால் ஒரு நாள் வேலை போய்விடும் என்று அஞ்சிய எளியவர்களுக்கு, எட்டிய தூரத்தில் இருந்த ஒரே பச்சைக் கையெழுத்து தங்களுடையது. ஒரு கையில் ஆட்டுக் கயிறும் மறு கையில் ஆதார் நகலுமாய் வரிசையில் நிற்பார்கள். அலுமினியப் பொடி அப்பிய விரல்களை வாளித் தண்ணீரில் கழுவச் சொல்லிவிட்டு, அசலை வாங்கி, பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி என்று விரல் வைத்து வாசித்துவிட்டுத்தான் ‘உண்மை நகல்’ என்று ஒப்பமிடப் பேனாவைத் திறப்பீர்கள். “சாணி போட்டுச்சா?” என்று தாங்கள் கேட்டதைவிட “ஒரிஜினல் எங்கன?” என்று கேட்டதே அதிகம்! அசலைக் கொண்டுவராதவர் கட்சிக்காரரானாலும் சரி, சொந்த மாமனாரானாலும் சரி, திரும்பிப் போய்த்தான் ஆக வேண்டும். மாமனார் உண்மையாகவே திரும்பிப் போனார். அடுத்த பொங்கலுக்குத் தங்களுக்கு வேட்டி வரவில்லை.

காத்திருக்க முடியாதவர்களின் நகல்களையும் அசல்களையும் வாங்கி வைத்து, காலை பதினொரு மணிக்குக் கட்டாகக் கொண்டுவந்து தருபவர் எதிர்த்த ஜெராக்ஸ் கடை அருள்பாண்டி. அதற்காக ஒரு பைசா கூடுதலாக வாங்காதவர்.

இனிச் சொல்லப்போவதைக் கேட்டு, பாராட்டு மடலில் இதையெல்லாமா எழுதுவார்கள் என்று முகம் சுளிக்கும் பெரியோர் சற்றே பொறுக்க வேண்டும். எழுதச் சொன்னவர் மருத்துவரே.

நம் உதவியாளர் பாண்டிமுருகனுக்கு உடன்பிறந்தவர் ஒரே அக்கா, வள்ளித்தாய். கணவர் இடுப்பு ஒடிந்து படுக்கையில் விழ, அக்கா ஒருத்தி கையை நம்பிக் குடும்பம் நின்றது. மகள் பானுப்பிரியா அப்போதுதான் பத்தாம் வகுப்பு முடித்திருந்தாள். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் ஆள் எடுத்தார்கள். பதினெட்டு நிறைந்ததற்குச் சான்றொப்பமிட்ட நகல் வேண்டும் என்றார்கள். பிள்ளைக்கோ பதினைந்து.

“ஏலே தம்பி, ஒங்க டாக்டரு கையெழுத்து ஒண்ணு இருந்தாப் போதும்னு போர்மேன் சொல்லுதாரு. கூடப்பொறந்தவளுக்கு இதுகூடச் செய்ய மாட்டியா?” என்றார் அக்கா. தம்பிமாரை ஆட்டிப் படைக்க அக்காமாருக்கு இந்த ஒரு கேள்வி போதுமே! தடுப்பூசி மருந்து எடுக்கச் சூலக்கரைக்குப் போன அன்று, பாண்டிமுருகன் மாற்றுச் சான்றிதழ் நகலில் பிறந்த ஆண்டின் மேல் ஒரு துண்டுத் தாளை ஒட்டி, ஏதோ ஒரு கடையில் மறுநகல் எடுத்துக்கொண்டு வந்தார். மறுநாள் கோமாரித் தடுப்பூசி முகாம். அருள்பாண்டி வைத்துவிட்டுப் போன கட்டின் நடுவில் அதைச் சொருகினார்.

தாங்கள் வழக்கம்போல் ஒவ்வொன்றாய் அசல் பார்த்துத்தான் போட்டுக்கொண்டிருந்தீர்கள். மாடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட, பின்னால் ஓடித் திரும்பிய வேகத்தில், வாசலில் நாற்பது மாடு கத்திக்கொண்டிருக்க, மீதிக் கட்டுக்கு அசல் பாராமலே ஒப்பமிட்டுவிட்டீர்கள். முப்பத்தோராண்டில் அந்த ஒரு நாள்தான்.

ஒரு வாரம் கழித்து வள்ளித்தாய் செனை ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். வந்தவர் சும்மா இருந்திருக்கலாம்.

“நீங்க நல்லா இருக்கணும் சார். ஒங்க கையெழுத்துல எம்பிள்ளைக்கு வேலை கெடச்சிருச்சு.”

“எந்தப் பிள்ளைக்கு?”

“இருக்கிறதே ஒரே பிள்ளைதான சார். பானுப்பிரியாவுக்கு.”

ஊசியைக் கீழே வைத்தீர்கள். போன மாதம் பள்ளிச் சீருடையில் அதே ஆட்டை இழுத்து வந்த பிள்ளையைத் தாங்கள் மறக்கவில்லை. “அந்தத் தாளை யாரு கொண்டாந்து வச்சது?” என்று கேட்டீர்கள். அக்கா, ஆட்டின் கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற தம்பியை ஒரு கணம் பார்த்தார். “எதுத்த கடை அருள்பாண்டிட்டதான் சார் குடுத்தோம்” என்றார்.

பாண்டிமுருகன் கொம்பை இன்னும் இறுக்கிப் பிடித்தார். வாயைத் திறந்தால் அக்கா உறவும் போகும், அரசு வேலையும் போகும். ஆடு கத்தியது, அவர் கத்தவில்லை.

அன்றே தாங்கள் ஆலைக்குப் போய், அந்த நகலின் குறுக்கே “அசலைப் பார்க்காமல் நான் இட்ட ஒப்பம், செல்லாது” என்று எழுதிக் கையெழுத்திட்டு, பிள்ளையை வண்டியில் ஏற்றிக் கூட்டி வந்தீர்கள். “எங்க வீட்டுல ஒலை கொதிக்கிறது ஒமக்குப் பொறுக்கலையா?” என்று வள்ளித்தாய் தெருவில் நின்று ஏசியதைத் தலைகுனிந்து கேட்டுக்கொண்டீர்கள். மேலிடத்துக்குத் தங்கள் தவற்றைத் தாங்களே எழுதினீர்கள். விளக்கம் கேட்டு வந்த மெமோவை உறை பிரித்து மேசைமேல் வைத்தவர் பாண்டிமுருகன். பிள்ளை திரும்பப் பள்ளிக்குப் போனாள்; இன்று சிவகாசியில் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். அக்காவும் ஆறிவிட்டார்.

ஆறாதவர் ஒருவர் உண்டு. “இனிமே கட்டைத் தூக்கிட்டு உள்ள வராதீக” என்று அருள்பாண்டியிடம் தாங்கள் சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான். ஏன் சார் என்றார். தாங்கள் பதில் சொல்லவில்லை. மூன்று வருடம் அவர் இந்தப் படி ஏறவில்லை. டாக்டரே ஒதுக்கிவிட்டார் என்றால் என்னமோ இருக்கும் என்று ஊரும் பேசியது. சாலைக்கு இந்தப் பக்கம் நின்று இதையெல்லாம் தினமும் பார்த்த பாண்டிமுருகனுக்குச் சோறு இறங்கவில்லை என்றால் நம்புங்கள். ஆனாலும் வாய் திறக்கவில்லை.

கையெழுத்து அழகு என்று இந்த மடலை எழுதும் பணியை அவரிடமே ஒப்படைத்தோம். “நேர்மையின் நிலைக்கண்ணாடியே” என்பது வரை எழுதினார். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. டாக்டர் இது தெரியாமலே ஓய்வு பெற்றுப் போய்விட்டால் அப்புறம் யாரிடம் போய்ச் சொல்வது? நேற்று மதியம் தாளோடு தங்கள் முன் வந்து நின்றார்.

“சார், அந்தக் கட்டுக்குள்ள சொருகினது நாந்தான். அருள்பாண்டி இல்ல.”

அறை விழும் என்று காத்திருந்தார். தாங்கள் கண்ணாடியைக் கழற்றினீர்கள்.

“மெமோவ விடுலே, அது நான் பாக்காமப் போட்டதுக்கு வந்தது. அந்த மனுசன் மூஞ்சில இனி எப்படிலே முழிப்பேன்?” பிறகு மெல்லச் சொன்னீர்கள்: “ஊருல அம்புட்டுப் பேர்ட்டயும் ஒரிஜினலக் கேட்டேன். அவர்ட்ட மட்டும் கேக்கலையேலே. சொன்னத அப்படியே ஒத்துக்கிட்டேனே.”

நோயாளி மாடு இரண்டு வாசலில் நிற்க, தாங்கள் எழுந்து சாலையைக் கடந்தீர்கள். பின்னால் பாண்டிமுருகன். கடையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. தாங்கள் கைகூப்பி நடந்ததைச் சொன்னீர்கள். பாண்டிமுருகன் காலில் விழப் போனார். அருள்பாண்டி அவரைத் தடுத்துவிட்டு இயந்திரத்தை நிறுத்தினார். அவர் கோபப்பட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

இருக்கைக்குத் திரும்பியதும் தாங்கள் சொன்னது இது: “மடல்ல இதையும் எழுதுலே. நல்லத மட்டும் எழுதினா எப்படி உண்மை நகல் ஆகும்?” எழுதிவிட்டார். மேலிடத்துக்கும் தனியாக எழுதிக் கொடுத்துவிட்டார்; வருவது வரட்டும் என்கிறார். தங்களைப் பாராட்ட எங்களுக்கு வேறு சொல் தேவைப்படவில்லை, ஐயா!

இன்று முதல் தங்கள் பேனா ஓய்வு பெறட்டும், முழங்கால் தேறட்டும், மாமனார் வீட்டு வேட்டி வந்து சேரட்டும்! துணைவியார் தங்கத்தாய் அம்மையாரோடு நோயற்று, நூறாண்டு கடந்து, நிறைவாக வாழ்க என்று நெஞ்சார வேண்டுகிறோம்.

மடலைத் தங்கள் கையில் தர, அருள்பாண்டி அவர்களை மேடைக்கு அழைக்கிறோம். நேற்று கடையில் இயந்திரம் நின்ற பிறகு அவர் சொன்ன வார்த்தைகளை, அவருடைய அனுமதியோடு ஊரறியப் படிக்கிறோம்:

“மூணு வருசமா என்ன தப்புப் பண்ணினோம்னு ஒவ்வொண்ணா யோசிச்சுப் பாத்தேன் சார். ஒண்ணும் கெடைக்கல. ஆனாலும் ஏதோ பண்ணியிருக்கோம்னுதான் இருந்தேன்.”

இங்ஙனம்,
மருந்தகப் பணியாளர்கள்
எழுதி வாசிப்பவர்: பாண்டிமுருகன்