வெர்பினோ கோட்டைக்குக் கதவு இல்லாமல் போனது

ரொம்ப காலத்துக்கு முந்தி, போலந்து தேசத்துல வெர்பினோன்னு ஒரு ஊரு இருந்துச்சாம். ஊருக்கு மேல ஒரு குன்று, குன்று மேல ஒரு கோட்டை. கோட்டையை ஆண்டது ஒரு பொம்பளை. யத்விகா சீமாட்டின்னு பேரு. புருசன் போருல போய்ச் சேந்துட்டாரு. மிச்சம் ஒரே மகன், கஸ்பர்.

அந்த நாட்டுப் பிரபுக்கள்ல குலத்துக்கு ஒரு போர்க்கூவல் உண்டாம். தூசியிலயும் புகையிலயும் நம்ம ஆளு எவன்னு தெரிய அதைத்தான் கூவுவாங்களாம். இவங்க குலத்துக்கு 'ஒசோரா'. சொல்லு எதிரிக்கும் தெரியும். ஆனா நடுவுல இழுத்து, கடைசியில வெட்டி விடணும். தொட்டில்ல கிடக்கும்போதே கேட்டு வளந்தவன் தொண்டைக்குத்தான் அது வருமாம்.

அப்பத்தான் கடல் தாண்டி ஸ்வீடன் படை வந்துச்சாம். பக்கத்துக் கோட்டைக்கு ஒருத்தன் நொண்டிக்கிட்டே வந்தானாம். உடம்புல செத்துப்போன போலந்து வீரனோட சட்டை. பாவம்னு கதவைத் திறந்தாங்களாம். அவன் பின்னாலயே படை புகுந்துருச்சு. விடிஞ்சப்போ அந்தக் கோட்டையில அழக்கூட ஆளில்லையாம்.

சேதி கேட்டு வெர்பினோ சனம் மொத்தமும், ஆடு மாடோட, கைப்புள்ளையோட, யத்விகா கோட்டைக்குள்ள வந்து அடைஞ்சுச்சு. கஸ்பர் படைக்குக் கிளம்பினான். வாசல்ல நின்னு சொன்னானாம்:

"அம்மா, கூவல் கேக்காம கதவு திறக்கக் கூடாது. நானே வந்து நின்னாலும் சரி."

"உன் மூக்கை எனக்குத் தெரியாதாடா? சிந்திவிட்டவளே நான்தான்."

"மூக்கு எவனுக்கு வேணாலும் இருக்கும். சத்தியம் பண்ணும்மா."

சிலுவையைத் தொட்டுச் சத்தியம் பண்ணினாளாம்.

மழை போச்சு, பனி வந்துச்சு. கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம். அன்னிக்கு முதல் நட்சத்திரம் தெரிஞ்சாத்தான் அவங்க சாப்பிட உக்காருவாங்க. மேசையில ஒரு தட்டு அதிகமா வைப்பாங்க. வழிதப்பி யாராச்சும் வந்தா அவங்களுக்கு. தட்டை வச்சுட்டு நிமிர்றா, வாசல்காரன் வலென்டி வந்து நிக்கிறான்.

"அம்மா, அகழிக்கு அந்தாண்ட ஒரு ஆளு. ஸ்வீடன் கோட்டு போட்டிருக்கான். நடை மட்டும் சின்னவரு நடை."

மதில் மேல ஏறிப் பாத்தா. வெளிச்சம் மங்கிக்கிட்டு வருது. வந்தவனுக்குக் கண்ணு மட்டும்தான் வெளிய தெரியுது. மூக்கு, வாய், கழுத்து எல்லாம் துணி சுத்தியிருக்கு.

"யாரு? கூவு."

அவன் வாய்கிட்ட மட்டும் துணியைக் கொஞ்சம் விலக்கி, வாயைத் திறந்தான். சத்தம் வரல. குச்சி எடுத்து, பனியில ஒரு லாடம், அதுக்குள்ள ஒரு சிலுவை வரைஞ்சான்.

"நம்ம குலச் சின்னம், அம்மா."

"கொடியில பறக்குதே வலென்டி. கண்ணு உள்ளவன் எல்லாம் பாத்திருப்பான்."

"வழிப்போக்கனுக்குன்னு தட்டு வச்சிருக்கோமே."

"உள்ள எத்தனை புள்ளைங்க தூங்குது? அதுங்க கழுத்துக்கு நீ பதில் சொல்வியா? கூவட்டும், நானே பாலத்தை இறக்குறேன்."

நெஞ்சு ஒண்ணு சொல்லிச்சாம், சத்தியம் ஒண்ணு சொல்லிச்சாம். அவளுக்கே தாங்காம, அவளே கூவினாளாம், "ஒசோ...ரா". மகனா இருந்தா பதில் கூவுவான்ல?

அவன் நெஞ்சுல கை வச்சுத் தலை குனிஞ்சான். அவ்வளவுதான். அப்புறம் வாசலைப் பாத்தபடி பனியில உக்காந்துட்டான்.

மேசையில தட்டு காலியாவே கிடந்துச்சு. அவளும் சாப்பிடல.

காலையில அவன் உக்காந்தபடியே இருந்தான். காட்டுல எதிரி யாரும் இல்லைன்னு தெரிஞ்சப்புறம் பாலத்தை இறக்கினாங்க. துணியை அவிழ்த்துப் பாத்தா கஸ்பர். குண்டு தொண்டையைத் துளைச்சுக்கிட்டுப் போயிருக்கு. எதிரி கோட்டு குளிருக்காக எடுத்து மாட்டினது.

வலென்டி தரையில விழுந்து அழுதானாம். அவ அழலையாம். மகன் கண்ணை மூடிவிட்டு, "நீ சொன்னபடிதான்டா செஞ்சேன்"னாளாம்.

குலத்துக்குக் கடைசி ஆம்பளை செத்தா, சவப்பெட்டி முன்னால குலக் கேடயத்தை உடைச்சு, கடைசியா ஒரு தடவை கூவுவாங்களாம். கேடயத்தை அவளே உடைச்சா. சொந்தக்காரங்க கூவ வாய் திறந்தாங்க. கையைத் தூக்கி நிறுத்திட்டாளாம்.

"அவன் கூவாம வந்தான். கூவாமலே போகட்டும்."

ஒரு வருசம் போச்சு, ரெண்டு வருசம் போச்சு. ஸ்வீடன் படை கடல் தாண்டிப் போயிருச்சு. சனமெல்லாம் வீட்டுக்குத் திரும்பிச்சு. கடைசி மாடு வெளிய போனதும் தச்சனைக் கூப்பிட்டு, கோட்டைக் கதவைக் கழட்டச் சொன்னாளாம்.

"கதவில்லாத கோட்டையா? கண்டவனும் வருவானே"ன்னு சொந்தக்காரங்க கேட்டாங்களாம்.

"வரட்டும்"னாளாம்.

அப்புறம் அவளும் போயிட்டா. கோட்டையும் இடிஞ்சு போச்சு. வாசல் மட்டும் நிக்குது. கல்லுல கீல் இருக்கு, கதவு இல்ல. அந்த ஊர்ல கதவு தட்டுற சத்தம் கேட்டா, உள்ள இருந்துக்கிட்டு யாருன்னு இன்னைக்கும் கேக்கறதில்ல. முதல்ல திறப்பாங்க. காத்து தட்டினாலும் எழுந்து போய், திறந்து, வெளிய ஒரு தடவை பாத்துட்டுத்தான் வந்து படுப்பாங்களாம்.