எட்டிப் பாக்க முடியாத வேலி

அது இல்ல சார், அது துணி தொவைக்கறதுக்குப் போட்ட கல்லு. எல்லைக் கல்லு இந்தா, இந்தச் செடிக்கு அடியில இருக்கு. காலால தள்ளிட்டுப் பாருங்க. நான்தான் அப்பப்ப மண்ணை ஒதுக்கி விடறேன், இல்லன்னா எப்பவோ மூடியிருக்கும். மூடணும்னுதானே பக்கத்து வீட்டு ஆளும் காத்துக் கெடக்கறான். வேலி வர்றதுக்கு முன்னாடி அவன் வாசலக் கூட்டுனா குப்பை பூராவும் இந்த மூலைக்குத்தான் வரும். கேட்டா காத்துல பறந்து வந்துச்சும்பான். காத்துக்கு என் வீட்டு அட்ரஸ் மட்டும்தான் தெரியுமாக்கும்.

கொஞ்சம் நெழல்ல நில்லுங்க சார். டீ வீட்டுல கேட்டா வராது, கடையிலேர்ந்து வாங்கிட்டு வந்திருக்கேன், குடிங்க. வீட்டுக்காரிக்கு நீங்க வந்ததே புடிக்கல. சர்வேயர் வர்றாருன்னு காலைல சொன்னேன். பாத்திரத்தைத்தான் போட்டு உருட்டுனா. அவ கெடக்கறா, நீங்க டேப்பைப் புடிங்க.

பக்கத்து வீட்டுக்காரன் பேரா? மனுல எழுதியிருக்கேனே. ஊருக்கே அவன் டைம் கீப்பர்தான் சார். பஸ் டிப்போல விசில் ஊதிட்டு உக்காந்திருந்தவன். வேலைய விட்டு வந்தும் பழக்கம் போகல, வாட்சைப் பாத்துக்கிட்டேதான் பல்லு தேய்ப்பான். நான் தேய்க்கறது இங்க, அவன் தேய்க்கறது அங்க. நடுவுல ஒண்ணும் கெடையாது அப்பல்லாம். நான் என்ன பண்ணுவேன், வாயக் கொப்பளிச்சுத் துப்பிட்டு அவனுக்கு நாலு வார்த்தை குடுப்பேன். கெட்ட வார்த்தை இல்ல சார், சத்தியமா. நம்பிக்கைத் துரோகி, கூடவே இருந்து குழி பறிச்சவன், உருப்பட மாட்ட, அந்த மாதிரி. அவன் வாட்சைப் பாத்துட்டு உள்ள போயிடுவான். எவனாவது திட்டுனா திருப்பித் திட்டணும்ல? அதுதானே மரியாதை? என்னை ஒரு மனுசனாவே மதிக்கல சார் அவன்.

எதுல ஆரம்பிச்சதா? அது எதுக்கு சார் இப்ப. அளக்கறதுக்கு அது தேவையா? இல்லல்ல. அப்பறம் என்ன.

நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வீடு கட்டுனோம். ஒரே கொத்தனார், ஒரே லாரியில மணல். என் வெல்டிங் பட்டறையில வேலை முடிஞ்சா நேரா அவன் வீட்டுப் படியிலதான் உக்காருவேன். அவன் வீட்டு ஜன்னல் கம்பி, மாடி கைப்பிடி, கேட்டு, எல்லாம் என் கை. கேட்டைத் தொறந்து பாருங்க, சத்தம் வராது. அப்படிப்பட்டவனுக்குத்தான் இப்படிப் பண்ணுனான்.

இந்த வேலிக் கதையக் கேளுங்க, சிரிப்பீங்க. எனக்கு வயிறு எரியுது, நீங்க சிரிங்க, பரவால்ல.

ஹார்டுவேர் கடைக்காரர் ஒருத்தர் எனக்கு அப்பப்ப வேலை புடிச்சுக் குடுப்பாரு. யாருக்கு, எந்த வீட்டுக்குன்னு நான் கேக்கவே மாட்டேன். அளவக் குடு, கனத்தச் சொல்லு, முடிச்சதும் எடுத்துட்டுப் போ. ஆள் தெரிஞ்சா வேலை கெட்டுடும் சார். வேண்டியவன்னா இழைச்சு இழைச்சு நாளாகும், வேண்டாதவன்னா கை தானா ஏனோதானோன்னு போகும். அதனால எனக்கு அளவு மட்டும் போதும். இதுல பெருமை வேற எனக்கு. அவரு வந்து சொல்றாரு, ஒரு வீட்டுக்கு வேலி வேணும், கம்பி வச்சு அடிச்சுக் குடுங்க, பக்கத்து வீட்டு ஆளு கொஞ்சம் ஒரு மாதிரி, வாய் சரியில்லன்னாரு. எனக்குப் பாவமா இருந்துச்சு சார். யாரோ நல்ல மனுசன் எவன்கிட்டயோ மாட்டிக்கிட்டு முழிக்கறான் போலன்னு நெனச்சேன். நானே சொன்னேன், கம்பியெல்லாம் வேணாம், அந்த மாதிரி ஆளுக்குக் கம்பி வச்சா கம்பி வழியாவே பேசுவான். தகடு அடிச்சுடுவோம், கீழேருந்து மேல வரைக்கும் முழுத் தகடு. அவன் மூஞ்சியே தெரியக் கூடாதுன்னேன்.

சிரிக்கறீங்க பாருங்க.

அவரும் நெளிஞ்சாரு. எனக்கு அப்பப் புரியல. வேணாங்க, கம்பியே போதும், அவங்க கம்பின்னுதான் சொன்னாங்கன்னாரு. நான் விடல. தகடுதான்னு ஒத்தக் கால்ல நின்னேன். கம்பி விலைக்கே தகடு அடிச்சுத் தர்றேன், பாவம் அந்த மனுசன் நிம்மதியா இருக்கட்டும்னேன். இழுத்து நிறுத்தி, இடுக்கு விடாம பத்த வச்சு, ரெண்டு கை பெயிண்ட் அடிச்சு, எறும்பு எட்டிப் பாக்கணும்னாக்கூட ஏணி கேக்கும்னு சொல்லி வண்டியில ஏத்தி விட்டேன்.

அப்பறம் ஒருநாள் பட்டறையிலேர்ந்து வந்து வாசல்ல வண்டிய நிறுத்தறேன், என் வேலி நிக்குது. என் வீட்டு ஓரமா. மொதல்ல எவனோ என்னை மாதிரியே வேலை செய்யறானேன்னு பாத்தேன். கிட்டப் போய்த் தொட்டேன். மூலையை ராவி உருட்டி விட்டிருக்கு. அப்படி நான் மட்டும்தான் சார் பண்ணுவேன், ஓடி ஆடற புள்ளைங்க கை கிழியக் கூடாதுன்னு. அப்படியே நின்னுட்டேன். கடைக்காரரு அதுலேர்ந்து எங்க தெருப் பக்கமே வர்றதில்ல.

ஆமாமா, வேலை நல்லாத்தான் இருக்கு. நீங்க வேற.

மேல ஒரு இடத்துல கையை வச்சு எம்பிப் பாத்தேன் சார். என் உயரத்துக்கு ஒரு சாண் கூடுதலா இருக்கு. அளவு நான்தான் வெட்டுனேன். ஸ்டூல் போட்டா தெரியும், ஆனா ஸ்டூல் போட்டு எட்டிப் பாக்கறதுக்கு நான் என்ன அவ்ளோ கேவலமாப் போயிட்டேனா? ஒரு தடவ போட்டேன். வீட்டுக்காரி வந்து ஸ்டூலைக் காலுக்கு அடியிலேர்ந்தே உருவிட்டா. பொண்டாட்டியா இல்ல ரௌடியான்னு தெரியல.

சொல்லுங்க, எவ்ளோ வருது? எந்தப் பக்கம்?

அவன் பக்கமா? இல்லல்ல, சரியாப் பாருங்க. கல்லுக்கு நேரா புடிக்கணும். தகடு கல்லைத் தாண்டி என் பக்கம் வந்திருக்கணும், எனக்குத் தெரியும் சார், நான் கண்ணாலயே அளந்துருக்கேன். நானும் அளவெடுத்துப் பொழைக்கறவன்தான். இன்னொரு தடவ புடிங்க. நான் இந்த முனையப் புடிச்சுக்கறேன்.

ஒரு சாணா? அவன் எடத்துல உள்ள தள்ளிப் போட்டிருக்கானா?

பாத்தீங்களா சார் இவன் திமிரை! யாரு கேட்டா இவன்கிட்ட? இல்ல, யாரு கேட்டாங்கறேன். ஒரு சாண் மண்ணு எனக்கு விட்டுக் குடுக்கறானாம். பெரிய மனுசனாம். நான் அவன் வாசல்ல போய்க் கையேந்துனேனா? சண்டை போடறவன்னா எல்லையத் தாண்டி வரணும் சார், அப்பத்தான் நானும் ஏதாவது பண்ண முடியும். இப்படி உள்ள தள்ளி நின்னுக்கிட்டான்னா நான் எதை வச்சுப் பேசறது? எப்பவும் இப்படித்தான் சார். நல்லவன் வேசம் போட்டே கழுத்தறுப்பான்.

சார், ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு விரக்கடை என் பக்கம் வந்திருக்குன்னு எழுதுனீங்கன்னா போதும். ஒரே ஒரு விரக்கடை. இல்ல, பணமெல்லாம் இல்ல, அந்தப் பேச்சே நான் எடுக்கல. எழுதுனா பிரிக்கச் சொல்வாங்கல்ல? பிரிச்சா திரும்ப அடிக்கணும்ல? இந்த வட்டாரத்துல என்னை விட்டா ஆள் கெடையாது, கடைக்காரர் வழியா என்கிட்டதான் வரும். சும்மாவே அடிச்சுக் குடுக்கறேன். அவன் மொதல்ல கேட்ட மாதிரியே, கம்பி வச்சு.

எதுக்குன்னா... வெளிச்சம் வரல சார். காத்து வரல. வீடே இருட்டா இருக்கு.

முடியாதா? சரி. உங்க வேலை அது, நான் குத்தம் சொல்லல. நீங்க நேர்மையான ஆளுன்னு மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. என் நேரம், அப்படிப்பட்ட ஆளா வந்து சேருறீங்க.

அந்தப் பக்கம் போகணுமா? எதுக்கு? ஓ, பின்னாடி மூலைக் கல்லு அவன் கொல்லையில இருக்கா. ஆமாமா, அதையும் பாக்கணும்ல. அப்ப உள்ள விடுவானா? விடுவான் விடுவான், உங்களை விடுவான். நாற்காலி போட்டு உக்கார வைப்பான்.

சார், ஒரு நிமிசம். டேப்பை நான் சுத்தித் தர்றேன், குடுங்க.

பின்பக்கம் போறீங்கல்ல, அங்க துணி காயப்போடற கொடி ஒண்ணு இருக்கும். கிணத்தடி பக்கத்துல. போற போக்குல அதைக் கொஞ்சம் பாத்துட்டு வாங்க. திருட்டுத்தனமால்லாம் இல்ல, சும்மா ஒரு பார்வை. சின்னத் துணி ஏதாவது தொங்குதான்னு. ரொம்பச் சின்னது. உள்ளங்கை அகலத்துக்குச் சட்டை, சதுரம் சதுரமாக் கிழிச்ச பழைய வேட்டித் துணி, அந்த மாதிரி.

என்ன அப்படிப் பாக்கறீங்க. அந்த வீட்டு மருமக என் பொண்ணு சார்.

ஆமா. நான் அவன் மாடியில கைப்பிடிக்குப் பத்த வச்சுக்கிட்டு இருக்கேன், காசு கூட வாங்காம, கீழ அவன் பையனும் என் பொண்ணும் ரிஜிஸ்டர் ஆபீஸ் போயிட்டு வந்து நிக்கறாங்க. டைம் கீப்பருக்கு முன்னாடியே தெரியும். எனக்கு டீயைக் கையில குடுத்து மேல அனுப்பிட்டுப் பேசாம இருந்திருக்கான். எனக்கு மட்டும்தான் தெரியாது. அதுலேர்ந்துதான் எல்லாம். அந்த வீட்டுப் பேச்சு இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு அன்னைக்குச் சொல்லிட்டேன். சொன்னா சொன்னதுதான்னு வேற கத்துனேன். என் வீட்டுக்காரி இருக்காளே, ஆயுசுல நான் சொன்ன எதையும் கேக்காதவ, இதை மட்டும் அச்சுப் பெசகாம கேக்கறா. தூக்குல சோத்தைக் கட்டிக்கிட்டுத் தெருவைச் சுத்திப் போவா, வெறும் தூக்கோட வருவா. மூச்சு விட மாட்டா. நான் எப்படி சார் கேக்கறது? நானே போட்ட சட்டம்.

காலையில நான் கத்தறதெல்லாம் புள்ள காதுல விழுந்திருக்கு. மாசமா இருக்கறவ உள்ள உக்காந்து அழுதிருக்கா. அதுக்குத்தான் இந்த வேலி, வேற எதுக்கும் இல்ல. அது எனக்கும் தெரியும். வேலி வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி பாத்தேன், இடுப்புல கையை ஊனிக்கிட்டு மெதுவா நடந்துக்கிட்டு இருந்தா. அவ்ளோதான் பாத்தது. இந்நேரம் பொறந்திருக்கணும். நேத்து ஏதோ அழுத மாதிரி இருந்துச்சு. என் பட்டறைக் காதுக்கு ஒண்ணும் வெளங்கல, பூனையா கூட இருக்கலாம். நல்லபடியா பொறந்துச்சா, அவ நல்லா இருக்காளா, ஒண்ணும் தெரியாது.

வாயத் தொறந்து கேட்டுடாதீங்க சார், நான் கேக்கச் சொன்னேன்னு டைம் கீப்பர் கண்டுபுடிச்சுடுவான். கொடியை மட்டும் பாருங்க. அந்தக் கல்லை எங்க வேணா காட்டுங்க, நான் கையெழுத்துப் போட்டுடறேன்.