பெயர் சொன்ன பகல்

இந்த மைக்கை நீங்கள் கொஞ்சம் உயரக் குத்திவிட்டீர்கள். தாடி உரசும். பிறகு போட்டுக் கேட்கும்போது கரகரவென்று இருக்கும், நான் தடுமாறினேன் என்று நினைப்பீர்கள். நெஞ்சுக்குழிக்கு நேரே இறக்கிவிடுங்கள். ஓம், அது போதும்.

என் பெயர் ஜௌபர், ஊர் கல்முனைக்குடி. படப்பிடிப்புகளுக்குச் சத்தம் பிடிப்பது என் தொழில். சுபைறா உங்கள் விசாரணையில் கொடுத்த வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினீர்கள். பெரும்பாலும் சரிதான். அவளுடைய முதல் புருஷனை நான் காட்டிக்கொடுத்தேன் என்று சொல்லியிருக்கிறாள், அது மட்டும் பிழை. நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுவிட்டு நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

கடல் வந்து, சுனாமிதான், சில வாரங்களில் ஒரு வெளிநாட்டுப் படக்குழு எங்கள் பக்கம் வந்தது. புருஷனைக் கடலுக்குக் கொடுத்த பெண்களைப் பற்றிய படம். அவர்கள் தேர்ந்தெடுத்தவர்களில் ஒருத்தி சுபைறா. கல்முனைக் கரையில் இருந்த வீடு போய்விட்டது. புருஷன் காலிதீனின் மையத்து, அதாவது உடல், கிடைக்கவில்லை. அவள் சம்மாந்துறையில் நெல் ஆலைக்குப் பக்கத்தில் இருந்த தாய் வீட்டுக்குப் போய் இத்தா இருந்தாள். நீங்கள் வெளியூர் என்பதால் சொல்கிறேன். புருஷன் மௌத்தானால், இறந்துபோனால், எங்கள் பெண்கள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருப்பார்கள். அந்நிய ஆணின் கண்ணில் படமாட்டார்கள்.

ஆகவே கமெரா உள்ளே போக முடியாது. மூடிய ஜன்னலைப் படம் எடுத்து அவளுடைய குரலை அதன்மேல் போடுவது என்று இயக்குநர் அம்மா முடிவு செய்தார். கம்பியில்லாத மைக் இல்லாமல் அந்த வேலை நடக்காது. குழுவிடம் புதிய செட் ஒன்று இருந்தது. என்னிடம் கல்யாண வீடுகளுக்கு என்று வாங்கிய பழைய செட் ஒன்று இருந்தது. முதலில் புதியதைத்தான் பாவித்தேன். மொழிபெயர்க்க வந்த கிருசாந்தி கல்முனைத் தமிழ்ப் பிள்ளை, நல்ல கெட்டிக்காரி. மைக்கை அவளிடம் கொடுத்து உள்ளே அனுப்பினேன். நைலோன் துணியில் குத்த வேண்டாம், அது சரசரக்கும், பருத்தித் துணியில் குத்து, பெட்டியை இடுப்பில் செருகு என்று சொல்லிக்கொடுத்தேன். நான் மதிலோரம் வேனுக்குள் ஹெட்போனோடு இருந்தேன்.

அன்றைக்குச் சுபைறா பேசியது எனக்குப் பிடிக்கவில்லை. கடல் வந்தது, ஓடினோம், அவங்க வரல்ல என்று பாடம் ஒப்புவிக்கிற மாதிரி சொன்னாள். பகல் சாப்பாட்டுக்குக் கிருசாந்தி வெளியே வந்துவிட்டாள். மைக்கைக் கழற்றவோ நிறுத்தவோ சுபைறாவுக்குத் தெரியாது. இப்படியான நேரத்தில் சத்தத்தைக் குறைத்து வைப்பது எங்கள் தொழிலில் ஒரு மரியாதை. நான் குறைக்கவில்லை.

“ஆணத்துல உப்புக் கூடிற்று. இண்டைக்கு மட்டும் சமாளிச்சுத் தின்னுங்க,” என்று குழம்பைப் பற்றி யாருக்கோ சொன்னாள்.

“மௌத்தாப் போனவனுக்கு உப்பென்ன, புளியென்ன,” என்று ஒரு ஆண் குரல் சொன்னது.

அவள் சிரித்தாள். எத்தனையோ பெண்கள் சிரித்து நான் பதிவு செய்திருக்கிறேன். மைக் இருக்கிறது என்று தெரிந்து சிரிக்கிற சிரிப்பு வேறு. இது தொண்டைக்குக் கீழேயிருந்து வந்தது. அவளுடைய முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. அந்தக் குரல் எனக்கு வேண்டும் என்று அந்த இடத்திலேயே தோன்றியது.

“சத்தம் போடாத புள்ள, வாசல்ல ஆக்கள் இருக்காங்க,” என்றார் காலிதீன்.

அடுத்தடுத்த நாட்களில் மிச்சத்தையும் கேட்டுக்கொண்டேன். சுபைறாவின் தாய் சபியா உம்மா வேலை செய்துகொண்டே புலம்புகிற பழக்கமுள்ளவர். கடலுக்கு முந்தி எங்கள் பகுதியில் ஆயுதத்தோடு திரிந்த ஒரு கூட்டம் வீதியில் இரண்டு பேரைச் சுட்டதைக் காலிதீன் உழவு இயந்திரத்தில் வரும்போது கண்டிருக்கிறார். கோட்டில் நீதவான் முன்னால் போய் ஒருவனை அடையாளமும் காட்டியிருக்கிறார். அதன்பிறகு அவர்கள் அவரைத் தேடினார்கள். கடல் அடித்தபோது ஒரு தென்னையைப் பிடித்துத் தப்பியவர், செத்தவனாகவே இருந்துவிடுவது நல்லது என்று முடிவு செய்திருக்கிறார். பகலெல்லாம் நெல் மூட்டை அடுக்கிய அறைக்குள் இருந்தார். ஊர் நம்புவதற்காக மனைவி இத்தா இருந்தாள். அது முடிந்ததும் புத்தளத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவது அவர்களுடைய திட்டம்.

எனக்குக் கோபம் வந்தது. மறைக்கவில்லை. இத்தா என்பது அல்லாஹ்வுக்குச் செய்கிற ஒரு வணக்கம். எங்கள் ஊரில் எத்தனை பெண்கள் அழுத கண்ணோடு அதை உண்மையாகவே இருந்தார்கள். இவள் அதை வைத்து நாடகம் ஆடினாள். என் மனைவி றாபியாவையும் அதே கடல்தான் கொண்டுபோனது. ஊரில் எல்லோருடைய குரலும் என்னிடம் நாடாவில் இருக்கிறது, றாபியாவுடையது மட்டும் இல்லை. அவளை ஒருநாளும் பதிவு செய்ய எனக்குத் தோன்றவில்லை. காலிதீன் மட்டும் திரும்பி வந்து உப்புக் கூடின ஆணத்தைத் தின்றுகொண்டிருந்தார்.

பிறகுதான் செட்டை மாற்றினேன். ஆலை மோட்டார் ஓடுகிறபோது புதிய செட்டில் இரைச்சல் விழுகிறது, என் பழைய செட்தான் இங்கே சரிவரும் என்று இயக்குநர் அம்மாவிடம் சொன்னேன். சத்தத்தைப் பற்றிச் சத்தக்காரன் சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. பழைய செட்டில் இரண்டு சனல்தான், இரண்டே அலைவரிசை. ஒன்று சுத்தமானது. மற்றதில் வோக்கி டோக்கிப் பேச்சு நுழையும். யாருடைய வோக்கி என்று சம்மாந்துறையில் எல்லோருக்கும் தெரியும். ஆலைச் சந்தியில் மோட்டார் சைக்கிளோடு நிற்கிற அந்த ஆயுதக் கூட்டத்துடையது. வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அவர்கள் பேசுவது எனக்குக் கேட்டால் நான் அனுப்புவது அவர்களுக்கும் கேட்கும். நான் இரண்டாவது சனலில் வைத்தேன். அதை வைக்கக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

முதல்நாள் பதிவு பழுதாகிவிட்டது, தொடக்கத்திலிருந்து எடுக்க வேண்டும், பெயர், ஊர், புருஷனின் பெயர் எல்லாம் அவள் வாயாலேயே வர வேண்டும் என்று கேட்டேன். கிருசாந்தி தயங்கினாள். அண்ணன் முறையில் என்னை நானா என்றுதான் கூப்பிடுவாள்.

“அவங்க புரிசன்ட பேரச் சொல்ல மாட்டாங்க நானா. எங்கட ஆக்களும் அப்பிடித்தானே.”

“உசிரோட இருக்கிற ஆள்ர பேரத்தான் சொல்லப்படாது தங்கச்சி. மௌத்தான ஆள்ர பேரச் சொன்னாக் குத்தமில்ல. அப்பிடியே போய்ச் சொல்லு,” என்றேன்.

அவள் போய் அப்படியே சொன்னாள். சுபைறாவின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். சொல்லமாட்டேன் என்றால் ஆள் உயிரோடு இருக்கிறார் என்று ஆகிவிடும். கடைசியில் தன் பெயரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள், ஒழுங்கையைச் சொன்னாள். பிறகு அவர் பெயரையும் சொன்னாள். படத்தில் அந்த இடம் வந்திருக்கிறது, பார்த்தவர்கள் எல்லோரும் அழுதார்கள்.

வீட்டுச் சத்தம் கொஞ்சம் வேண்டும், மைக் அவளிலேயே இருக்கட்டும் என்று கிருசாந்தியை வெளியே அழைத்துக்கொண்டேன். பற்றறி காலையிலேயே புதிதாகப் போட்டிருந்தேன். சபியா உம்மா சோற்றுக் கோப்பையோடு போவது கேட்டது. பின்னாலேயே சுபைறா போனாள்.

“இண்டைக்கு உங்கட பேரச் சொல்லிப்போட்டன்.”

“ஆருக்கு?”

“அந்த வெள்ளக்காரிக்கு. மௌத்தான ஆள்ர பேரச் சொல்லலாமாம்.”

“அப்ப எனக்கிட்டயும் ஒருக்காச் சொல்லு பாப்பம்.”

“போங்க. நாக்குக் கூசுது.”

“ஒருக்கா.”

“காலிதீன்,” என்றாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்தார். இன்னொருக்கா என்று கேட்டார். “காலிதீன். காலிதீன். போதுமா?”

அதுவரை அந்தச் சனலில் இடையிடையே கரகரப்பும், எவன்டா இதுக்குள்ள என்ற ஏச்சும் வந்துகொண்டிருந்தன. அப்போது எல்லாம் நின்றது. சனல் அவ்வளவு சுத்தமாக இருந்து நான் கேட்டதேயில்லை. சந்தியில் நின்றவர்களும் காதுகொடுத்திருந்தார்கள்.

பின்னேரம், அசர் தொழுகைக்குப் பிறகுதான் வந்தார்கள். இடையில் நிறைய நேரம் இருந்தது. கதவைத் தட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று சுபைறா உங்களிடம் சொல்லியிருக்கிறாள். சொல்லியிருக்கலாம். குழுவோடு கடையில் சாப்பிட்டேன், மீனுக்கு உறைப்புக் கூட. பிறகு வேனுக்கு வந்து ஹெட்போனைப் போட்டேன்.

பின்பக்கத்தால் வந்தார்கள். வெளியில் சத்தமே இல்லை, ஆலை ஓடிக்கொண்டிருந்தது. மைக்கில் மட்டும்தான் கேட்டது. மூட்டைகளை இழுத்தார்கள். காலிதீன், பொம்பளைகளை ஒண்டும் செய்யாதீங்க, நான் வாறன் என்றார். சுபைறா கத்தவில்லை. கத்தினால் பக்கத்து வீட்டார் ஓடிவருவார்கள், ஏன் என்று கேட்பார்கள், செத்தவரைக் கொண்டுபோகிறார்கள் என்று எப்படிச் சொல்வது? துணியை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். துணி உரசுகிற சத்தம் எனக்கு எப்போதும் எரிச்சல். அன்றைய பதிவில் முக்கால்வாசி அதுதான்.

அவருடைய மையத்து எங்கும் கிடைக்கவில்லை. யாரும் தேடவும் இல்லை. பொலிசில் முறைப்பாடு கொடுக்க முடியாது, அவர் ஏற்கெனவே மௌத்தானவர். பள்ளிவாசலில் இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகைகூட முன்னரே நடந்துவிட்டது. மறுநாள் கிருசாந்தி கேள்வி கேட்கத் தொடங்கியதுமே சுபைறா அழுதாள், நிறுத்தவே முடியவில்லை. இயக்குநர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாள் இந்தப் பெண் எல்லாவற்றையும் அடக்கி வைத்திருந்தாள் என்றார். நானும் ஓம் என்றேன்.

ஊர்க் கணக்குப்படி இத்தா முடிந்ததும் பெண் கேட்டு ஆள் அனுப்பினேன். ஆண் துணையில்லாத வீடு, சபியா உம்மா பயந்துபோயிருந்தார், சம்மதித்தார். சுபைறா இன்னும் கொஞ்சம் போகட்டும் என்றாளாம். ஏன் என்று கேட்டதற்கு அவளால் பதில் சொல்ல முடியவில்லை. உண்மையான இத்தா அப்போதுதான் பாதி வந்திருந்தது. இத்தாவுக்குள் செய்த நிக்காஹ் செல்லாது என்பது எங்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கல்யாண வீட்டில் இத்தா முடியவில்லை என்று அறிந்தவர்கள் மூன்று பேர். மூன்றாவது ஆள் நான் என்பது மற்ற இருவருக்கும் தெரியாது.

நான் அவளை நன்றாக வைத்திருந்தேன். கை நீட்டியதில்லை. யுத்தம் முடிந்து எல்லோரும் கொஞ்சம் மூச்சுவிட்ட பிறகு, ஒருநாள் பகல் அந்த நாடாவைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். அடிக்கடி கேட்பதுதான். ஹெட்போன் வயர் கழன்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. தேநீரோடு வந்த சுபைறா வாசலில் நின்று தன் குரலையும் அவருடைய குரலையும் கடைசிவரை கேட்டாள். பிறகு கோப்பையை மேசையில் வைத்துவிட்டுத் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கிருந்துதான் உங்களிடம் வந்திருக்கிறாள்.

அவர்களை அந்த வீட்டுக்குக் கொண்டுவந்தது யார் என்று கேட்டீர்கள். நான்தான். அவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரிந்துதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையொப்பம் வைக்கிறேன். ஆனால் அவளுக்கு என்மேல் அன்பு இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் வெட்டிவிடுங்கள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை ஜௌபர் என்று பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாள். உசிரோட இருக்கிற புரிசன்ட பேரையா என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள், அவள் மாற்றிக்கொள்ளவில்லை. காலிதீனுக்கு அது ஒரு பகல்தான் கிடைத்தது. எனக்கு நான்கு வருடம் கிடைத்தது.