கேட் மணியின் கம்பி

பேட்டரி ஜாடிக்கு மழைத்தண்ணீர்தான் நல்லது, இன்ஸ்பெக்டர் ஐயா. குற்றாலச் சாரல் தென்காசி வரை அடிக்கிற மாதங்களில் எனக்கு அந்தக் கவலையே இல்லை. தண்டவாள ஓரத்து இரும்புப் பெட்டியைத் திறந்து, ஜாடிகளில் நவச்சாரம் கரைத்து ஊற்றுவது சிக்னல் கலாசியான என் வேலை. அந்தக் கரண்டில்தான் கேட் மணி அடிக்கும். மணி அடித்தால் கேட்மேன் ஞானதுரை கேட்டைப் பூட்டுவான்.

போன மாசியில், பிரசவ வலியில் துடித்த என் பெண்டாட்டி சொக்கம்மாளை மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கேட் பூட்டிக் கிடந்தது. ரயில் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை.

“ஏலே ஞானதுரை, தொறலே. உசுரு போவுது.”

“மணி அடிச்சிட்டுல்லா அண்ணாச்சி. தொறக்க முடியாது.”

“ரயிலு வந்தா பொகை தெரியாதாலே?”

“பொகையப் பாக்கவா என்னைய இங்கன வச்சிருக்கு?”

ரயில் வந்தபோது வண்டிக்குள் முனகல் நின்றிருந்தது. அவன் செய்ததுதான் முறை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன்.

அவனுக்கு மணிதான் எல்லாம். அதனால் மணியை எடுத்துவிட்டேன்.

தண்ணீர் ஊற்றி முடித்ததும் மணியை ஒருமுறை அடித்துக் காட்டுவது எங்கள் வழக்கம். அன்றும் அடித்தேன். “நல்லா கேக்குது அண்ணாச்சி” என்றான். பிறகுதான் கம்பியைக் கழற்றினேன். பெட்டியை ஒழுங்காகப் பூட்டிவிட்டு எதிர்மேட்டில் போய் உட்கார்ந்தேன்.

ஞானதுரை தூங்கிவிட்டான் என்று நீங்கள் எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். அது தப்பு. விழித்துத்தான் இருந்தான், மணிக்காகக் காத்துக்கொண்டு. சாரல் இரைச்சலில் இன்ஜின் விசில் அவன் குடிசைக்குள் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. செங்கோட்டைப் பக்கம் புகையும் தெரிந்தது.

அப்போதுதான் திறந்து கிடந்த கேட்டை நோக்கிக் கூண்டுவண்டி ஒன்று வந்தது. ஒருவன் மாட்டை முன்னால் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவந்தான். உள்ளே ஒரு பெண் முனகினாள். அந்த முனகல் எனக்குத் தெரிந்த முனகல்தான். என் மடியில் சிவப்புக் கொடி இருந்தது. விரித்து நின்றிருந்தால் அவன் நின்றிருப்பான். நான் விரிக்கவில்லை. கொடி காட்டுவது கேட்மேன் வேலை.

ரயில் வண்டியில் மோதியது. முன்னால் ஓடிய புருஷன் பிழைத்துக்கொண்டான். அவள் பெயர் ஹாஜரா பீவி என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எனக்கு வருத்தம் இல்லை, ஐயா. கம்பியைக் கழற்றியது நான்தான், அதை ஞானதுரை தலையில் எழுதாதீர்கள். அந்தப் புருஷன் வந்தால் ஒன்று மட்டும் சொல்லுங்கள். அவன் பெண்டாட்டியைக் கேட்டில் யாரும் காக்கவைக்கவில்லை.