காளவாசலுக்குப் போகாத கம்ப்யூட்டர்

கருத்தக்கண்ணன்: …காளவாசலுக்குத் தூக்கிட்டுப் போறதுக்கு இதை வைகைக்குள்ள போட்டுட்டு வந்துருவேன் பாய். அந்தப் பேச்சை விடு. வேற சொல்லு.

சிஹாபுதீன்: போன்ல கேட்டா நான் என்னத்தண்ணே சொல்லுவேன்? சிம்மக்கல் கடையில உக்காந்துக்கிட்டு உங்க வீட்டு மெஷினுக்குள்ள எட்டிப் பாக்க முடியுமா?

கருத்தக்கண்ணன்: போர்டு, டிஸ்க்கு, தகர டப்பா அம்புட்டும் நீ வித்தது. மாட்டுனது நான். நம்ம ரெண்டு பேருக்குள்ள முடியணும். மூணாவது ஆளு எதுக்கு?

செல்லக்கிளி: அப்பா, மணி பத்து இருபது.

கருத்தக்கண்ணன்: செவுத்துலதான தொங்குது. தெரியுது.

சிஹாபுதீன்: பரிச்சை எத்தனை மணிக்கு தாயி?

செல்லக்கிளி: பதினொன்னுக்கு சித்தப்பா. பத்து ஐம்பதுக்குள்ள கேமரா முன்னாடி உக்காந்துரணும். இல்லன்னா வேலை போச்சு.

சிஹாபுதீன்: போன்லயே எழுதிற முடியாதா?

செல்லக்கிளி: வீட்டுல இருந்து பாக்குற வேலை. சொந்தமா கம்ப்யூட்டர் இருக்கான்னு கேமராவுலயே பாப்பாங்களாம்.

சிஹாபுதீன்: மாப்ள வீட்டுல உன் லேப்டாப் ஒண்ணு இருக்குமே…

கருத்தக்கண்ணன்: இருக்கு. "திரும்பி வந்தா தாரேன்"னு பீரோவுல வச்சுப் பூட்டியிருக்கான். காளவாசல்ல கடை போட்டு ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்குறவன், கட்டுனவ மெஷினைப் பூட்டி வச்சிருக்கான்.

செல்லக்கிளி: அப்பா, இப்ப அது எதுக்கு…

கருத்தக்கண்ணன்: நீ சும்மா இரு. பத்துப் பேரு முன்னாடி என்ன சொன்னான்? "நான் இல்லாட்டி இவளால ஒரு கம்ப்யூட்டரை ஆன் பண்ணக்கூட முடியாது"ன்னான்ல? அதான் வாங்குனேன். அதான் நானே மாட்டுனேன்.

சிஹாபுதீன்: …சரிண்ணே. சரி. பட்டனை அமுக்குனா என்ன செய்யுது?

செல்லக்கிளி: விசிறி சுத்துது. லைட்டு எரியுது. திரை இருட்டாத்தான் கெடக்குது. உள்ள இருந்து என்னமோ கூவுது.

கருத்தக்கண்ணன்: போனைக் கிட்டக் கொண்டு போம்மா. கேக்கட்டும்.

செல்லக்கிளி: கேக்குதா சித்தப்பா? நீளமா கூவுது, நிறுத்துது, மறுபடி கூவுது.

சிஹாபுதீன்: கேக்குது… ஒரு நிமிசம்… ம்… போர்டு போச்சுண்ணே.

கருத்தக்கண்ணன்: எப்படிப் போச்சு? நேத்து உன் கடையில பரப்பி வச்சு ஓட்டிக் காட்டுனியே. கண்ணால பாத்துட்டுத்தான தூக்கிட்டு வந்தேன்.

சிஹாபுதீன்: மாட்டும்போது எங்கயாச்சும் ஒரசியிருக்கும். அந்தச் சத்தம் வந்தா போர்டு மவுத்துதான். காளவாசலுக்குக் கொண்டு போனீங்கன்னா வேற போர்டு மாட்டி… அங்கயே உக்காந்து பரிச்சையும் எழுதிக்கலாம்…

கருத்தக்கண்ணன்: இதை நீயா சொல்ற?

சிஹாபுதீன்: நான்தாண்ணே… பின்ன யாரு?

கருத்தக்கண்ணன்: அங்கன யாரு இருமுறது?

சிஹாபுதீன்: …கஸ்டமரு. பென் டிரைவ் வாங்க வந்தவரு.

கருத்தக்கண்ணன்: அப்படியா. உக்காரச் சொல்லு. நீ போனை வச்சுறாத.

செல்லக்கிளி: அப்பா… பேசாம நான் போயிட்டு வந்துறவா? ஒரு மணி நேரந்தான…

கருத்தக்கண்ணன்: போ. ஸ்டூலை இழுத்துப் போடுவான், உக்காருவ. டீ வாங்கித் தருவான், குடிப்ப. சாயங்காலம் உன் துணிமணியைக் கேட்டு ஆளு வந்து நிக்கும். போறியா?

செல்லக்கிளி: போகமாட்டேன். ஸ்க்ரூ டிரைவரை எடுங்க.

கருத்தக்கண்ணன்: இந்தா. கப்பலூர் மில்லுல முப்பது வருசம் மெஷினு மாட்டுனவன் நான். சத்தம் போடுற மெஷினு செத்ததுன்னு எவனும் என்கிட்டச் சொன்னதில்ல. செத்தது எப்படிய்யா கத்தும்?

சிஹாபுதீன்: அண்ணே…

கருத்தக்கண்ணன்: என்ன?

சிஹாபுதீன்: சும்மா இருங்க, நான்தான பேசிக்கிட்டிருக்கேன்… உங்களை இல்லண்ணே. தாயி, கரண்டு வயரைப் புடுங்கிட்டு ராம் மெமரியைக் கழட்டிப் பாரு. போர்டுல பட்டையா, நெட்டக்குத்தலா நிக்கும்ல, அது.

செல்லக்கிளி: புடுங்கிட்டேன்… வந்துருச்சு… அப்பா.

கருத்தக்கண்ணன்: என்ன?

செல்லக்கிளி: இதென்னது?

கருத்தக்கண்ணன்: எது?

செல்லக்கிளி: இந்தப் பல்லு வரிசை மேல. செவப்பா…

சிஹாபுதீன்: தீஞ்சுருக்கா?

செல்லக்கிளி: தீயல சித்தப்பா. வாசம் வருது. சந்தனம். சந்தனத்து மேல குங்குமம்.

சிஹாபுதீன்: யா அல்லா!

செல்லக்கிளி: யாருப்பா வச்சது? வீட்டுல இருக்கிறது நம்ம ரெண்டு பேருதான்.

கருத்தக்கண்ணன்: புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்காமலா மாட்டுவாங்க? கப்பலூர்ல எம்புட்டுப் பெரிய மெஷினு வந்தாலும் பொட்டு வச்சுட்டுத்தான் பெல்ட்டே போடுவோம்.

செல்லக்கிளி: டப்பா மேல வைக்க வேண்டியதுதான!

கருத்தக்கண்ணன்: டப்பா வெறும் தகரம். இதுதான் தங்கமா மின்னுச்சு. நல்ல இடமாப் பாத்து வச்சேன்.

சிஹாபுதீன்: அந்தத் தங்கந்தாண்ணே போர்டைத் தொடணும்! நடுவுல சந்தனத்தை அப்புனா எப்படி வேலை செய்யும்?

கருத்தக்கண்ணன்: அப்ப போர்டு போகல?

சிஹாபுதீன்: …போகல.

கருத்தக்கண்ணன்: மவுத்துன்ன?

சிஹாபுதீன்: அவசரப்பட்டுட்டேண்ணே. தாயி, பென்சில் அழிக்கிற ரப்பர் இருக்கா? ரெண்டு பக்கமும் தேச்சு விடு. ஈரத் துணி வேணாம். மாட்டுற பள்ளத்தையும் காஞ்ச பிரஷ்ஷால தட்டி விடு.

கருத்தக்கண்ணன்: என் பல்லு பிரஷ்ஷு பிரிக்காம புதுசா இருக்கு. எடுத்துக்க.

செல்லக்கிளி: இதுலயும் பொட்டு வச்சிருக்கீங்களா?

கருத்தக்கண்ணன்: கிண்டலா? கையை நடத்து. மணி என்ன?

செல்லக்கிளி: பத்து நாப்பது. தேச்சுட்டேன் சித்தப்பா, பளிச்சுனு இருக்கு.

சிஹாபுதீன்: பள்ளத்துல வச்சு அமுக்கு. ரெண்டு ஓரத்துலயும் டக்குன்னு சத்தம் வரணும்.

செல்லக்கிளி: ஒண்ணு வந்துருச்சு… ரெண்டு. வயரையும் சொருகிட்டேன். அப்பா, நீங்க பட்டனை அமுக்குங்க.

கருத்தக்கண்ணன்: நீ அமுக்கு. ஆன் பண்ண முடியாதுன்னு அவன் சொன்னது என்னையவா? உன்னையத்தான சொன்னான்?

செல்லக்கிளி: …கூவல. அப்பா, கூவல! ஒரே ஒரு பீப்போட நின்னுருச்சு. எழுத்து வருது!

கருத்தக்கண்ணன்: என்ன எழுத்து? படி.

செல்லக்கிளி: எரர்னு போட்டிருக்கு. உள்ள இருக்கிற விசிறியில கோளாறாம். மேல போகணும்னா எஃப் ஒன் அமுக்கணுமாம்.

சிஹாபுதீன்: விசிறியா… அமுக்காதீங்கண்ணே. எரிஞ்சு போயிருமாம்.

கருத்தக்கண்ணன்: போயிருமாமா? யாரு சொல்றது? செல்லக்கிளி, விசிறி சுத்துதா?

செல்லக்கிளி: சுத்துதுப்பா.

கருத்தக்கண்ணன்: கையைக் காட்டு. காத்து வருதா?

செல்லக்கிளி: நல்லா வருது.

கருத்தக்கண்ணன்: அப்ப திரை பொய் சொல்லுது. எழுதிப் போட்டதை எல்லாம் நம்புறதுக்கு நான் என்ன கேணையனா?

சிஹாபுதீன்: திரை பொய் சொல்லலண்ணே. விசிறி வயரை அதுக்குன்னு இருக்கிற ஊசியில மாட்டாம பக்கத்து ஊசியில மாட்டியிருப்பீங்க. அதுலயும் சுத்தும், ஆனா சுத்துறது போர்டுக்குத் தெரியாது. நாளைக்கு மாத்திக்கலாம். எரியாது, ஒண்ணும் ஆகாது. அமுக்கு தாயி. நான் சொல்றேன். இதை நான்தான் சொல்றேன்.

செல்லக்கிளி: அமுக்கிட்டேன்… சுத்திக்கிட்டே இருக்கு… இன்னும் சுத்துது… வந்துருச்சு! சித்தப்பா, படம் வந்துருச்சு!

சிஹாபுதீன்: அல்ஹம்துலில்லாஹ். மணி பத்து நாப்பத்தாறு. பரிச்சைக்குள்ள போ தாயி, சீக்கிரம்.

செல்லக்கிளி: போறேன்… பாஸ்வேர்டு வாங்கிருச்சு… என் மூஞ்சி தெரியுது. மூக்கெல்லாம் குங்குமம்!

கருத்தக்கண்ணன்: தொடச்சுட்டு நிமிந்து உக்காரு.

செல்லக்கிளி: உள்ள விட்டுட்டாங்கப்பா. பதினொன்னுக்குக் கேள்வி வருமாம். அது வரைக்கும் பேசலாம்.

சிஹாபுதீன்: அண்ணே… ஒண்ணு சொல்லிர்றேன். இல்லாட்டி எனக்குச் சோறு எறங்காது. நீங்க சாமான் வாங்குனதைக் கேள்விப்பட்டு அசோக்குமார் மாப்ள காலையிலயே கடைக்கு வந்துட்டாரு. போர்டு போச்சுன்னு சொல்லச் சொன்னதே அவருதான். என் கடைச் சரக்குல பாதி அவருக்குத்தான் போகுது, என்னால மறுக்க முடியல. இந்தா, இப்பவும் பக்கத்துலதான் உக்காந்திருக்காரு.

செல்லக்கிளி: தெரியும் சித்தப்பா. ஏழு வருசம் கூட இருந்தவளுக்கு அந்த இருமல் தெரியாதா? அப்பா கேட்டா போனைத் தூக்கி அடிச்சுருவாருன்னுதான் மூச்சு விடல.

கருத்தக்கண்ணன்: எனக்கும் அப்பவே தெரியும்.

செல்லக்கிளி: தெரிஞ்சுமாப்பா கட் பண்ணாம வச்சிருந்தீங்க?

கருத்தக்கண்ணன்: கட் பண்ணிட்டா, நீ ஆன் பண்ணுனது அவன் காதுல எப்படி விழும்?